ஹோமியோபதி புட்டியில் இருக்கும் 30, 200: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோமியோபதி என்று பேச்சை எடுத்தாலே "எனக்குக் கேட்டது", "எனக்குக் கேட்கவில்லை" என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். புட்டிக்குள் என்ன இருக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினோராம் வகுப்பு வேதியியல் போதும், அதுவும் மறந்துபோயிருந்தால் பரவாயில்லை.

லேபிளில் 6எக்ஸ், 30, 200, 1எம் என்று இருக்கிறதே, அது மில்லிகிராமா?

இல்லை. எத்தனை முறை நீர்த்தார்கள் என்ற எண்ணிக்கை அது. எக்ஸ் என்றால் (ஜெர்மனியில் டி என்று போடுவார்கள்) ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாக நீர்த்தது, சி என்றால் நூறில் ஒன்றாக. நம் ஊர்க் கடையில் வெறுமனே 30, 200 என்று இருந்தால் 30சி, 200சி என்று படித்துக்கொள்ள வேண்டும். 1எம் என்பது 1000சி. எல்எம் என்று தனி வரிசை ஒன்று உண்டு, அதில் ஒவ்வொரு படியும் 50,000-த்தில் ஒன்று. ஹோமியோபதியைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமன் கடைசிக் காலத்தில் உருவாக்கியது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 1921-ல் வந்த அவருடைய 'ஆர்கனான்' நூலின் ஆறாம் பதிப்பில்தான் அச்சேறியது. கியூ என்று இருந்தால் தாய் டிங்சர், அதாவது இன்னும் நீர்க்கவே நீர்க்காதது.

பெயர் ஒன்றாக இருப்பதால் பெல்லடோனா கியூவும் பெல்லடோனா 200-ம் ஒரே மருந்தின் இரண்டு அளவுகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றில் ஊமத்தை வகைச் செடியின் விஷச்சத்து நிஜமாகவே இருக்கிறது, மற்றதில் ஆல்கஹாலும் தண்ணீரும் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

செடி என்றால் அதை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாற்றை இறக்குவார்கள், அது தாய் டிங்சர். தங்கம், சிலிக்கா மாதிரி கரையாத பொருளை டிங்சராக இறக்க முடியாது. அதை ஒரு பங்குக்கு 99 பங்கு பால் சர்க்கரை (லாக்டோஸ்) சேர்த்துக் கல்வத்தில் மணிக்கணக்காக அரைப்பார்கள், அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கோடு, மூன்றாவது தடவையும் அதே போல. அப்படி 3சி வந்த பிறகு திரவத்துக்கு மாற்றுவார்கள்.

திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து 99 சொட்டு ஆல்கஹாலில் விட்டு, ஓங்கித் தட்டிக் குலுக்குவார்கள். ஹானிமன் தோல் அட்டை போட்ட புத்தகத்தின் மேல் தட்டியதாகச் சொல்வார்கள், இப்போது பெரிய கம்பெனிகளில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. இதில் ஒரு சொட்டு அடுத்த புட்டிக்கு, அப்புறம் அதிலிருந்து ஒரு சொட்டு அதற்கடுத்ததற்கு. கடைசியாக வந்ததைச் சர்க்கரை உருண்டைகளின் மேல் ஊற்றி ஊறவிட்டால் நாம் நாக்கில் போட்டுக்கொள்வது தயார்.

படிக்குப் படி புதுப் புட்டி எடுப்பது ஹானிமன் முறை. ரஷ்யரான கோர்சகோவ் இதைச் சுருக்கினார்: ஒரே புட்டி, அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, மேலே புதிதாக நிரப்பிக் குலுக்குவது. ஒட்டியிருப்பது உண்மையிலேயே நூறில் ஒரு பங்குதானா என்பது கண்ணாடியையும் கரைந்திருக்கும் பொருளையும் பொறுத்தது, கண்ணாடியில் பிடிவாதமாக ஒட்டும் பொருளும் உண்டு, உடனே கழுவிப்போகும் பொருளும் உண்டு. ஆகவே இந்த முறையில் வந்த எண்ணைத் துல்லியமான கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. பிரான்சில் சளிக்காய்ச்சலுக்குப் பிரபலமான ஆசிலோகாக்சினம் இந்த வழியில் 200 முறை நீர்த்தது. மூலப்பொருள் வாத்தின் ஈரலும் இதயமும்.

சரி, மூலப்பொருள் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது?

சாப்பாட்டு உப்பை வைத்துப் பார்ப்போம். அது ஹோமியோபதியில் நாட்ரம் மூர் என்ற பெயரில் நிறையப் பேருக்குக் கொடுக்கப்படும் மருந்து, கணக்கும் சுலபம்.

ஒரு மோல் எந்தப் பொருளிலும் சுமார் 6.022-ஐ 1 போட்டு 23 சைபரால் பெருக்கிய அளவு துகள்கள் இருக்கும், அவகாட்ரோ எண் என்று மனப்பாடம் செய்தோமே அது. உப்பின் ஒரு மோல் சுமார் 58.4 கிராம். அப்படியானால் ஒரு கிராமில் ஏறக்குறைய 1 போட்டு 22 சைபர். இந்த ஒரு கிராமை 100 மில்லி நீரில் கரைத்தால் 1சி. அதில் 1 மில்லி எடுத்து மறுபடி 100 மில்லி ஆக்கினால் 2சி, அந்தப் புட்டியில் இருப்பது 1 போட்டு 20 சைபர். ஒவ்வொரு படியிலும் இரண்டு சைபர் போய்விடும். 6சி-யில் 12 சைபர், அதாவது ஒரு லட்சம் கோடி, இன்னும் நல்ல கூட்டம்தான். 11சி-யில் சராசரியாக நூறு. 12சி-யில் ஒன்று.

அடுத்த படி எடுக்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. ஒன்றை நூறால் வகுத்தால் 0.01 என்று காகிதத்தில் வரும், ஆனால் ஒரு சோடியம் அயனியில் (உப்பு கரையும்போது பிரியும் துகள்) நூறில் ஒரு பங்கு என்று ஒன்று கிடையாது. 0.01 என்பதற்கு அர்த்தம், நூறு புட்டி தயாரித்தால் ஏதோ ஒன்றில் ஓர் அயனி இருக்கலாம், மற்ற 99-ல் இல்லவே இல்லை. "மேலும் மேலும் நுண்ணியதாகிறது" என்ற பேச்சு இந்த இடத்தோடு முடிந்தது. பொருள் என்பது முடிவில்லாமல் வகுத்துக்கொண்டே போகக்கூடியதாக இருந்தால் நுண்ணியதாகலாம். அது எண்ணக்கூடிய துகள்களாக இருப்பதால் ஒரு கட்டத்தில் பூஜ்யமாகிவிடுகிறது.

30சி-க்கு இதே கணக்கைப் போட்டால், ஓர் அயனி கிடைக்க நீங்கள் 1 போட்டு 36 சைபர் புட்டிகளைத் தேட வேண்டும். 100 மில்லி புட்டிதானே என்று நினைக்காதீர்கள், அத்தனையும் சேர்ந்தால் அளவு சுமார் 9,000 கோடி பூமிகள். 200சி-க்கு இப்படி ஓர் உருவகம்கூடச் சொல்ல வழியில்லை, கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களே 1 போட்டு 80 சைபர் அளவில்தான் மதிப்பிடப்படுகின்றன, 200சி என்பது 400 சைபர்.

இவ்வளவு நீரை எந்தக் கம்பெனி எங்கே வைத்திருக்கிறது?

தேவையே இல்லை. ஒவ்வொரு படியிலும் நூறில் 99 பங்கைக் கீழே ஊற்றிவிடுகிறார்கள், அதனால் 100 மில்லி புட்டி முப்பது இருந்தால் 30சி வந்துவிடும், மொத்தச் செலவு 3 லிட்டருக்கும் குறைவு. இது ஏமாற்று வித்தை அல்ல, எல்லா ஆய்வகங்களிலும் தினசரி நடக்கும் படிநிலை நீர்த்தல்தான். பாலில் எத்தனை பாக்டீரியா என்று எண்ணவும் இதே முறைதான். ஆனால் அங்கே ஐந்தாறு படியில் நிறுத்திவிடுவார்கள், எண்ணுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

'கடலில் கரைத்த பெருங்காயம்' என்று கேலி செய்கிறார்களே, அது மிகைதானே?

மிகை இல்லை, சொல்லப்போனால் குறைத்துச் சொல்வது. பெருங்காயமும் ஹோமியோபதியில் ஒரு மருந்து, ஆஸாஃபோட்டிடா என்று கடையில் கிடைக்கும். உலகக் கடல்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 133 கோடி கன கிலோமீட்டர் நீர். ஒரு கிராம் பெருங்காயத்தை அத்தனையிலும் சீராகக் கரைத்துவிட்டால் கிடைப்பது, கணக்குப்படி, 12சி-யை விடச் சற்றே நீர்த்தது. பழமொழி 12-லேயே நின்றுவிட்டது. 30-க்குப் போக அந்தக் கடலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இன்னும் பதினெட்டுப் படி போக வேண்டும்.

ஹானிமனுக்கு இது தெரியாதா? அவர் மருத்துவர், வேதியியலும் படித்தவர் ஆயிற்றே?

தெரிந்திருக்க வழியில்லை. ஹானிமன் பிறந்தது 1755, சாக்சனியில் மைசன் என்ற ஊரில். 1790-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் கல்லன் எழுதிய மருத்துவ நூலை மொழிபெயர்க்கும்போது, மலேரியாக் காய்ச்சலுக்குத் தரும் சின்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்ததில் தொடங்கியது, 1796-ல் முதல் கட்டுரை, 1810-ல் 'ஆர்கனான்'. அவகாட்ரோ தன் கருதுகோளை வெளியிட்டதே 1811-ல்தான், அதையும் அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று ஆஸ்திரிய விஞ்ஞானி லோஷ்மிட் முதன்முதலில் உருப்படியாக மதிப்பிட்டது 1865. ஹானிமன் 1843-லேயே பாரிஸில் காலமாகிவிட்டார். ஆக அவர் காலத்தில் ஒரு பொருளை எல்லையில்லாமல் நீர்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தது முட்டாள்தனம் இல்லை.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ரத்தத்தை வடித்தெடுப்பதும் பாதரசத்தைக் கிராம் கணக்கில் கொடுப்பதும் மருத்துவமாக இருந்த காலத்தில், நோயாளிக்கு ஒன்றுமே கொடுக்காமல் இருந்தது உண்மையிலேயே முன்னேற்றம். 1865-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கோவிட் சமயத்தில் ஆர்சனிகம் ஆல்பம் 30 கொடுத்தார்கள். ஆர்சனிக் விஷம் இல்லையா?

விஷம்தான், ஆர்சனிக் ட்ரையாக்சைடு, நம் பழைய பெயர் வெள்ளைப் பாஷாணம். ஒரு பெரியவரைக் கொல்ல 100, 200 மில்லிகிராம் போதும். 2020 ஜனவரி கடைசியில் ஆயுஷ் அமைச்சகம் அதன் 30சி-யைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தபோது இரண்டு பக்கமும் தப்பாகப் பேசினார்கள். ஒரு பக்கம் "விஷத்தைக் கொடுக்கிறார்கள்" என்றது, இன்னொரு பக்கம் "நுண்ணிய அளவில் விஷமே மருந்து" என்றது. 30சி-யில் ஆர்சனிக் இல்லை, அதனால் விஷமும் இல்லை, அது தரும் என்று சொன்ன பாதுகாப்பும் இல்லை.

படிப்படியாக இறங்கிப் பார்த்தால் சுவாரஸ்யம். 1சி-யில் லிட்டருக்கு 10 கிராம், வாயில் வைக்கக்கூடாது. 2சி-யில் 100 மில்லிகிராம். 3சி-யில் ஒரு மில்லிகிராம். 4சி-யில் 10 மைக்ரோகிராம், குடிநீரில் ஆர்சனிக் இவ்வளவு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பும் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் வைத்திருக்கும் வரம்பை ஒட்டிய அளவு. மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளில் அதற்கு மேல் இருக்கிறது. அங்கே குடிப்பவர்கள் 3சி-க்கும் 4சி-க்கும் நடுவில் ஏதோ ஒரு வீரியத்தை வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வருவது தோல் தடிப்பும் புற்றுநோயும்.

மூலக்கூறு போனாலும் தண்ணீர் அதை நினைவில் வைத்துக்கொள்கிறதாமே?

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு ஒரு வலை மாதிரி இருப்பது உண்மை. அந்த வலை நிற்காது என்பதும் உண்மை. 2005-ல் 'நேச்சர்' இதழில் வந்த அளவீட்டில், திரவ நீரின் அந்த அமைப்பு 50 ஃபெம்டோ விநாடிக்குள் தன் பழைய நிலையோடு இருந்த தொடர்பை இழந்துவிடுகிறது. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஃபெம்டோ விநாடி. மருந்து புட்டியின் காலாவதித் தேதி வருஷக்கணக்கில் போட்டிருக்கும்.

இந்த எண்ணத்துக்குப் புகழ் சேர்த்தது பிரெஞ்சு நோயெதிர்ப்பியலாளர் ழாக் பென்வனிஸ்ட். ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்த்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ரத்தச் செல்களைத் தூண்டுகிறது என்று அவர் குழு 1988-ல் அதே 'நேச்சரில்' எழுதியது. ஆசிரியர் ஜான் மேடக்ஸ் கட்டுரையைப் போட்டார், ஆனால் நேரில் வந்து பார்ப்போம் என்ற நிபந்தனையோடு. போனவர்கள் மூன்று பேர்: மேடக்ஸ், அறிவியல் மோசடிகளைத் துருவும் வால்டர் ஸ்டூவர்ட், மந்திரவாதி ஜேம்ஸ் ராண்டி. எந்தக் குழாயில் எது இருக்கிறது என்ற ரகசியக் குறிப்பை ஓர் உறையில் போட்டுக் கூரையில் ஒட்டிவைத்தார்கள். எது எது என்று எண்ணுபவருக்குத் தெரியாதபோது விளைவு காணாமல் போனது.

இதில் எனக்கு எப்போதும் இடிக்கும் விஷயம் வேறு. நினைவு தண்ணீரில் என்றால், அதைச் சர்க்கரை உருண்டையில் ஊற்றி உலரவிட்ட பிறகு தண்ணீரே இல்லையே. அப்படியே நினைவு இருந்தாலும், அது பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓடிய தண்ணீர், வழியில் பார்த்த அத்தனை பொருளையும் விட்டுவிட்டு இந்த ஒரு மருந்தை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்து நினைக்கும்?

ஐஐடி பம்பாய் 30சி-யிலும் 200சி-யிலும் நானோ துகள் இருப்பதை நிரூபித்துவிட்டதாமே?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 2010-ல் அங்கிருந்து ஓர் ஆய்வு வந்தது உண்மை. தங்கம், வெள்ளி, செம்பு, தகரம், துத்தநாகம், பிளாட்டினம் ஆகிய ஆறு உலோக மருந்துகளைக் கடையில் வாங்கி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, நிறமாலைக் கருவியில் அளந்தார்கள். 6சி, 30சி, 200சி மூன்றிலும் உலோகத் துகள்கள், மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில். குலுக்கும்போது எழும் குமிழ்களில் துகள்கள் ஒட்டிக்கொண்டு மேலே மிதந்துவிடுகின்றன, அடுத்த படிக்கு மேலாக இருப்பதை எடுப்பதால் அவை கூடவே வருகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

சரி, அதை அப்படியே ஒப்புக்கொள்வோம். என்ன ஆகிறது பாருங்கள். முதலில், 6சி-க்கு மேல் அளவு குறையவில்லை, 30-லும் 200-லும் ஏறக்குறைய அதே. அப்படியானால் நீர்த்தலே நடக்கவில்லை, லேபிளில் இருக்கும் எண் பொய். 30 கொடுப்பதா 200 கொடுப்பதா என்று மருத்துவர் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. ஹோமியோபதிக்கு ஆதரவாக இதைக் காட்டுபவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

இரண்டாவது, இது கரையாத உலோகத் துகளுக்கான விளக்கம். உப்பும், பெல்லடோனாவின் அட்ரோபினும் கரைந்து தனித்தனி மூலக்கூறாக இருப்பவை, குமிழில் ஏறிச் சவாரி செய்யாது. மருந்துகளில் பெரும்பாலானவை அந்த ரகம்.

மூன்றாவது, பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நாம் சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் துத்தநாகம் சாப்பிடுகிறோம், அது ஆயிரம் கோடி பிகோகிராம். இந்த அளவில் ஆல்கஹாலிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் அரைத்த கல்வத்திலிருந்தும் என்னென்ன வருகிறது என்று கழித்தாக வேண்டும், அதற்கு அதே புட்டியில் அதே ஆல்கஹாலை மூலப்பொருளே இல்லாமல் அதே மாதிரி இருநூறு முறை குலுக்கி ஒப்பிட வேண்டும். இதெல்லாம் போக, துகள் இருக்கிறது என்பதும் அது நோயைத் தீர்க்கிறது என்பதும் இரண்டு தனித்தனி வாக்கியங்கள்.

நீர்க்கப் பயன்படுத்தும் தண்ணீரும் ஆல்கஹாலும் சுத்தமானவைதானே?

எதுவும் அந்த அளவுக்குச் சுத்தம் கிடையாது. சிப் தயாரிக்கும் ஆலைகளில் பயன்படும் நீரிலும் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அசுத்தம் இருக்கும், அது 6சி. கண்ணாடிப் புட்டியே சோடியத்தையும் சிலிக்கேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால் நாட்ரம் மூர் 30 புட்டியில் நிச்சயம் சோடியம் இருக்கும், ஆனால் முதல் புட்டியில் போட்ட உப்பிலிருந்து வந்தது இல்லை. சல்ஃபர் 30 என்று எழுதிய புட்டியிலும் அதே சோடியம் அதே அளவில் இருக்கும். சிலிக்கா மருந்தின் கதை இன்னும் வேடிக்கை, கண்ணாடிப் புட்டியில் வைத்த எல்லா ஹோமியோ மருந்தும் சிலிக்கா மருந்துதான்.

லேபிளைக் கிழித்துவிட்டால் ஆய்வகத்தில் எது எது என்று கண்டுபிடிக்க முடியுமா?

தாய் டிங்சர் என்றால் முடியும், தாள் வண்ணப்பிரிகை மாதிரி ஒரு சோதனையே போதும். 3எக்ஸ், 6எக்ஸ் என்றால் நல்ல கருவி வேண்டும். 30, 200 என்றால் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். இந்த மருந்துகளின் தரக்கட்டுப்பாடு என்பது கடைசியில் தயாரிப்புப் பதிவேட்டை நம்புவதுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: கல்கத்தாவில் 1876-ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கிய மகேந்திரலால் சர்க்கார், எம்.டி. பட்டம் பெற்று அலோபதியிலிருந்து ஹோமியோபதிக்கு மாறியவர். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் ராமன் விளைவைக் கண்டது அதே கழகத்தில். இன்று திரவத்துக்குள் என்ன மூலக்கூறு இருக்கிறது என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுவது ராமன் நிறமாலை. 30சி-யை அதில் வைத்தால் எத்தனாலும் தண்ணீரும் தெரியும்.

தடுப்பூசியும் துளியூண்டு அளவுதானே? அது மட்டும் எப்படி வேலை செய்கிறது?

துளியூண்டு வேறு, ஒன்றுமில்லை என்பது வேறு. பெரியவர்களுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் 20 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் எண்ணிப் பார்த்தால் சுமார் 5 கோடி கோடி புரத மூலக்கூறு. போட்ட பிறகு ரத்தத்தில் எதிர்ப்புரதம் உருவானதா என்று அளந்தும் பார்க்கலாம்.

பயோகெமிக் உப்பு மாத்திரை 6எக்ஸ் தானே, அதில் சத்து இருக்குமே?

இருக்கும். ஷூஸ்லர் என்ற ஜெர்மானியர் 1870-களில் உருவாக்கிய பன்னிரண்டு உப்புகள் இவை, 6எக்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, மூலப்பொருள் தீர்ந்துபோகும் 12சி எல்லைக்கு ரொம்ப இந்தப் பக்கம். கால் கிராம் எடையுள்ள ஒரு கல்கேரியா பாஸ் மாத்திரையில் கால் மைக்ரோகிராம் கால்சியம் பாஸ்பேட், அதில் கால்சியம் 0.1 மைக்ரோகிராம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம். அந்த ஒரு டம்ளருக்கு ஈடாக 24 லட்சம் மாத்திரை சாப்பிட வேண்டும். போதாக்குறைக்கு, மாத்திரையின் உடம்பாக இருக்கும் லாக்டோஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கனிமச் சாம்பல் இருக்கலாம் என்று மருந்துத் தர நூல்களே அனுமதிக்கின்றன, அது மருந்தைவிட ஆயிரம் மடங்கு. பிள்ளைக்குப் பல் முளைக்க, எலும்பு உறுதிப்பட என்று இதைக் கொடுத்துக்கொண்டு பாலையும் கேழ்வரகையும் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எப்படியும் ஒன்றுமில்லை என்றால் பக்கவிளைவும் இல்லைதானே?

30, 200 வரை சரி. எண் சின்னதாக இருந்தால் இந்த வாதம் செல்லாது. அமெரிக்காவில் சளிக்கு மூக்கில் விடும் சைகாம் என்ற ஜெல் ஹோமியோபதி என்ற பெயரில் விற்றது, அதில் துத்தநாக குளுக்கோனேட் 2எக்ஸ், அதாவது நூறில் ஒன்று. முகர்வு உணர்வு போய்விட்டது என்று 130-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பிறகு 2009-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்குத் தரும் பெல்லடோனா மாத்திரைகளிலும் இதே அமைப்பு 2017-ல் சொன்னது, லேபிளில் போட்டதைவிடச் சில மாத்திரைகளில் அதிக விஷச்சத்து இருக்கிறது, மாத்திரைக்கு மாத்திரை அளவும் மாறுகிறது என்று. நீர்த்தல் ஒழுங்காக நடக்காவிட்டால் இதுதான் ஆபத்து.

அப்புறம் ஆல்கஹால். இந்தியாவில் 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தைச் சில்லறையில் 30 மில்லிக்குப் பெரிய புட்டியில் விற்கக்கூடாது என்ற விதி சும்மா வரவில்லை. 2021 மே மாதம் ஊரடங்கின்போது சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம், சாராயத்துக்குப் பதிலாக ட்ரோசெரா 30 குடித்துப் பலர் இறந்ததாகச் செய்தி வந்தது. ட்ரோசெரா என்ற பூச்சி தின்னும் செடி அதில் ஒரு மூலக்கூறும் இருந்திருக்காது, ஆல்கஹால் 91 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள்.

30-ஐவிட 200 வீரியம் அதிகம் என்கிறார்களே? ஒரு புட்டியை அப்படியே விழுங்கினால்?

நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்பது அவர்கள் கொள்கை, குலுக்குவதால் சக்தி ஏறுகிறது என்பார்கள். குலுக்கினால் திரவம் கலக்கும், கொஞ்சம் காற்று கரையும், மிகக் கொஞ்சம் சூடாகும், அந்தச் சூடும் சில நிமிடத்தில் ஆறிவிடும். விழுங்கிப் பார்த்தவர்களும் உண்டு: 2010 ஜனவரி 30 அன்று காலை 10:23-க்கு பிரிட்டனில் பல ஊர்களில் கூடி ஆளுக்கொரு புட்டி உருண்டையை வாயில் கொட்டிக்கொண்டார்கள். நேரத்தை அவகாட்ரோ எண்ணின் 23 சைபருக்காகத் தேர்ந்தெடுத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதை முயற்சிக்க வேண்டாம்.

ஆனால் எனக்குக் குணமானதே?

ஆகியிருக்கும், மறுக்கவில்லை. சளி, மரு, தலைவலி, தோல் அரிப்பு எல்லாம் ஏறி இறங்கும் நோய்கள், உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். அங்கே ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நம் கதை முழுக்கக் கேட்கிறார், அது அலோபதியில் கிடைக்காத விஷயம், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. உருண்டையின் பங்கு தனியாக எவ்வளவு என்று கேட்ட ஆஸ்திரேலிய அரசின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இருக்கிற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2015-ல், எந்த நோய்க்கும் இது வேலை செய்கிறது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. பிரான்ஸ் 2021 முதல் இதற்குக் காப்பீட்டுப் பணம் தருவதை நிறுத்திவிட்டது.

நான் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், என்ன செய்வது?

புட்டியை எடுத்து எண்ணைப் பாருங்கள். 12சி அல்லது 24எக்ஸ்-க்கு மேல் என்றால் உள்ளே இருப்பது சர்க்கரை, அல்லது ஆல்கஹால். கியூ, 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் என்றால் அது நிஜமான ரசாயனம், மற்ற மருந்தோடு சேர்ந்து வினை புரியலாம், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கேட்காமல் கொடுக்கக்கூடாது, உங்கள் வழக்கமான மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின், தைராய்டு, வலிப்பு, இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதை எடுக்கச் சொன்னால், எண் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்து சாப்பிடும்போது காபி குடிக்கக்கூடாதாமே, மருந்தை முறித்துவிடுமாமே?

ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் சுமார் 100 மில்லிகிராம் காஃபின், மூலக்கூறு கணக்கில் 3 போட்டு 20 சைபர். ஹோமியோபதியில் தூக்கம் வராதவர்களுக்குக் கொடுப்பது காஃபியா க்ரூடா, அதாவது பச்சைக் காபிக்கொட்டை, பெரும்பாலும் 30 அல்லது 200-ல். அதில் காஃபின் பூஜ்யம். முறிக்க அங்கே எதுவும் இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் சாயங்காலக் காபியை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.